உடையாது என்று சொல்ல முடியுமா?
விமானத்தின் உலோக அயர்வும் நிகழ்தகவும்

சென்ற ஆண்டு என் பாட்டிக்குத் திருச்சி செல்லப் பயணச்சீட்டு எடுத்தோம். தம் தகப்பனார் பிறந்த ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது பாட்டியின் நெடுநாள் ஆசை. எழுபத்தெட்டு வயதில் அதுதான் அவருக்கு முதல் விமானப் பயணம். பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, சுபாங் ஜெயாவில் எங்கள் வீட்டு வாசலில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர், மேலே சென்ற விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“ஏன்யா, நான் ஏறப்போற பிளேன் புதுசா, பழசா? நடுவானத்துல உடையாதுன்னு சொல்ல முடியுமா?”

“உடையாது பாட்டி. பயப்படாதீங்க” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர மனம் ஒப்பவில்லை. நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். அந்தப் பருவத்தில்தான் உலோக அயர்வு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பாடத்தில் ‘உடையாது’ என்ற சொல் எங்குமே கிடையாது. ‘இத்தனை பறப்புகளுக்குள் உடையும் வாய்ப்பு இவ்வளவு’ என்று மட்டுமே அங்கே பேசப்படும். பாட்டிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய உண்மையான பதில் எது? அதைத் தேடியபோது கற்றுக்கொண்டவற்றையே இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தத் தலைப்பு நம் ஊருக்கு அந்நியமானதும் அன்று. 1965-இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையம், 1998-இல் செப்பாங்கில் புதிய விமான நிலையம் திறக்கப்படும்வரை நாட்டின் தலைவாசலாக விளங்கியது. அதன் பிறகு பெரும்பாலும் சுழல்விசிறி பூட்டிய சிறிய பயணிகள் விமானங்களின் நிலையமாக இருந்து, 2024-இல் மீண்டும் ஜெட் பயணச் சேவையைப் பெற்றது. விமானப் பழுதுபார்ப்புப் பட்டறைகளும் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளும் அதைச் சுற்றி இயங்குகின்றன. விரிசல் இருக்கிறதா என்று தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் நம் அண்டை வீடுகளில் இருக்கிறார்கள்.

உலோகத்துக்கும் அயர்வு உண்டா?

சுபாங் ஜெயா உருவாவதற்கு முன் இங்கே சீபில்டு ரப்பர் தோட்டம் இருந்தது. பாட்டி அங்கே பால்மரம் வெட்டியவர். பால் வாளியின் கம்பிப் பிடியைப் பற்றி அவர் சொன்ன ஒரு செய்தியே இந்தப் பாடத்துக்குச் சிறந்த முன்னுரை என்பேன். “என்னைக்கோ ஒருநாள் பால் கூடுதலா இருந்ததுன்னு பிடி உடையாதுய்யா. தினமும் தூக்கித் தூக்கித்தான் உடையும். அதுவும் பால் குறைச்சலா இருக்குற நாள்ல உடையும்!”

இதுவே அயர்வு. உலோகக் களைப்பு, உலோகச் சோர்வு என்றும் இதை எழுதுவர். ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அறுக்கப் பெரும் விசை வேண்டும். ஆனால் அதில் பாதிக்கும் குறைந்த விசையைப் பல்லாயிரம் முறை கொடுத்துக் கொடுத்து எடுத்தால், எங்கோ ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தோன்றும். ஒவ்வொரு சுமைக்கும் அது சிறிதளவு நீளும். மீதமிருக்கும் உலோகம் சுமையைத் தாங்க முடியாத நிலை வரும்போது, சாதாரணச் சுமையிலேயே சட்டென்று முறிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் இப்படி முறிந்தபோதுதான் ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் இதனை முறையாக ஆராய்ந்தார்.

விமானத்தில் இந்தச் சுமை எங்கிருந்து வருகிறது? 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்கைவிடக் குறைவு. உள்ளே நாம் மூச்சுவிட வேண்டுமே! அதற்காக விமானத்தின் உள்ளே காற்றை அழுத்தி வைக்கிறார்கள். இதனால் விமான உடலின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட விசை வெளிநோக்கித் தள்ளுகிறது. இறங்கியதும் அவ்விசை நீங்கிவிடும். ஆக, ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் விமானம் பலூனைப் போல ஒருமுறை உப்பி ஒருமுறை அடங்குகிறது. இந்த ஒரு சுற்றையே இக்கட்டுரையில் ‘பறப்பு’ என்று குறிப்பிடுகிறேன்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். பாட்டி கேட்ட ‘புதுசா, பழசா’ என்ற கேள்விக்கு ஆண்டுக்கணக்கில் விடை சொன்னால் போதாது. விமான உடலைப் பொறுத்தவரை எத்தனை பறப்புகள் என்பதே முதன்மையான வயது. தீவுக்குத் தீவு அரைமணி நேரம் தாவும் விமானம், கண்டம் விட்டுக் கண்டம் போகும் விமானத்தைவிட விரைவில் முதுமையடையும்.

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட காமெட்

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் பிரிட்டனின் ‘காமெட்’. 1952 மே மாதம் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரி 10-ஆம் நாள், சிங்கப்பூரில் தொடங்கிப் பல ஊர்களில் நின்று லண்டன் செல்ல வேண்டிய காமெட் ஒன்று, ரோமிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் எல்பா தீவருகே வானிலேயே சிதறியது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். காரணம் தெரியாத நிலையில் சேவை சில வாரங்கள் நிறுத்தப்பட்டுப் பின் மீண்டும் தொடங்கியது. ஏப்ரல் 8-ஆம் நாள் மற்றொரு காமெட் இத்தாலிக் கடலில் விழுந்தது. மேலும் 21 உயிர்கள்.

அதன் பிறகு பார்ன்பரோவில் ஒரு காமெட் விமானத்தைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே நீரை ஏற்றி இறக்கிப் பறப்பு போன்ற அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தனர். ஒருநாள் அதன் உடல் கிழிந்தது. விரிசல் ஒரு திறப்பின் மூலையிலிருந்து கிளம்பியிருந்தது.

இனி எண்களைப் பாருங்கள். எல்பாவருகே விழுந்த விமானம் 1,290 பறப்புகளைக் கண்டிருந்தது. இரண்டாவதாக விழுந்தது 900 பறப்புகள்தாம். தொட்டியில் கிழிந்த விமானமோ, உண்மைப் பறப்பும் சோதனைப் பறப்புமாக 3,057 தாங்கியது. மூன்றும் ஒரே வடிவமைப்பு, ஒரே உலோகம். சூழல்கள் முற்றிலும் ஒன்றல்ல என்றாலும், ஒன்றுக்கு மற்றொன்று மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

இம்மூன்றின் சராசரி 1,749. ‘சராசரி ஆயுள் வரை பறக்கலாம்’ என்று ஒருவர் விதி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த இரண்டு விமானங்களும் அப்போதும் விழுந்திருக்கும். சராசரி என்பது விமானக் கூட்டத்தில் ஏறத்தாழப் பாதி முறிந்துபோன பிறகு வரும் எண். பயணிக்கு அது எந்தப் பாதுகாப்பையும் தராது.

இன்னொரு பாடமும் உண்டு. காமெட்டின் உடற்பகுதி ஒன்றைச் சோதித்தபோது அது 16,000 முறைக்கு மேல் அழுத்தத்தைத் தாங்கியது. ஆனால் அதே பகுதிக்கு அதற்கு முன்பே மிகையான அழுத்தம் கொடுத்து வலிமைச் சோதனை நடத்தியிருந்தனர். அந்த மிகையழுத்தம் மூலைகளிலிருந்த உலோகத்தைச் சற்று நெளியச் செய்து, அயர்வை எதிர்க்கும் வலிமையை அதற்குக் கூட்டிவிட்டது. பயணிகள் ஏறிய விமானங்களுக்கு அந்த வலிமை இல்லை. மாதிரி ஒன்றே ஒன்று. அதுவும் மற்றவற்றைப் போன்றதல்லாத மாதிரி. புள்ளியியல் படித்தவர்கள் நெற்றியில் அடித்துக்கொள்ளும் இடம் இது.

வகுத்தால் கிடைக்கும் பாதுகாப்பு

அயர்வு ஆயுள் இப்படிச் சிதறுவது இயற்கை. உலோகத்தின் உள்மணிகள், துளையிட்ட விதம், உப்புக்காற்று, ஒவ்வொரு பயணத்தின் காற்றுக் குலுக்கல் என எல்லாமே மாறுபடுகின்றன. எனவே பொறியாளர் ‘ஆயுள் எவ்வளவு?’ என்று கேட்பதை விட்டு, ‘ஆயுள் எப்படிப் பரவியிருக்கிறது?’ என்று கேட்கத் தொடங்கினர். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் வெய்புல் 1951-இல் வெளியிட்ட பரவல் இதற்கு இன்றும் பயன்படுகிறது. ஆயுளின் மடக்கையை எடுத்து, அது மணிவடிவப் பரவலில் அமைவதாகக் கொள்வது மற்றொரு வழி. நாம் இரண்டாவதைப் பார்ப்போம்.

விளக்கத்துக்காக நானே ஓர் எடுத்துக்காட்டை அமைக்கிறேன். ஒரு பாகத்தின் நடு ஆயுள் 60,000 பறப்புகள் என்று கொள்வோம். அதாவது, அந்த எண்ணிக்கைக்குள் பாதிப் பாகங்கள் விரிசல் விட்டிருக்கும். சிதறலின் அளவாக, மடக்கையில் திட்ட விலக்கம் 0.2 என்க. ஒரு விலக்கம் கீழே இறங்குவது ஆயுளை ஏறத்தாழ 1.6-ஆல் வகுப்பதற்குச் சமம். இரண்டு விலக்கம் 2.5-ஆல் வகுப்பது. மூன்று விலக்கம் 4-ஆல் வகுப்பது.

38,000 பறப்புகளில் நிறுத்தினால், அதற்குள் விரிசல் விட்டிருக்கும் பாகங்கள் நூற்றுக்கு 16.
24,000-இல் நிறுத்தினால் நூற்றுக்கு 2.3.
15,000-இல் நிறுத்தினால் ஆயிரத்துக்கு 1.3.

24,000 பறப்புகள் என்ற வரம்பு பாதுகாப்பாகத் தோன்றுகிறது அல்லவா? நூற்றுக்கு 98 தேறிவிடுகிறதே! ஆனால் இத்தகைய விமானங்கள் நூறு பறக்கின்றன என்று வையுங்கள். நூற்றில் ஒன்றுகூட விரிசல் விடாமலிருக்கும் வாய்ப்பைக் காண 0.977-ஐ நூறு முறை தன்னாலேயே பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.1. அப்படியென்றால் எங்கேனும் ஒரு விமானத்திலாவது விரிசல் விடும் வாய்ப்பு 90 விழுக்காடு! வரம்பை 15,000-ஆகக் குறைத்தால் அது 13 விழுக்காடாக இறங்கும். ஒரு விமானத்துக்கு மிக அரிதாக இருப்பது ஒரு கூட்டத்துக்கு எதிர்பார்க்க வேண்டியதாகிவிடுகிறது. நிகழ்தகவு நமக்குச் சொல்லித்தரும் முதல் பணிவு இது.

விரிசல் இருக்கிறது என்றே தொடங்கு

ஆயுளை வகுத்து, வரம்பு வந்ததும் பாகத்தைக் கழற்றி எறிவதற்குப் ‘பாதுகாப்பு ஆயுள்’ முறை என்று பெயர். இதில் ஓர் ஓட்டை உண்டு. பாகம் பிறக்கும்போதே குறையோடு பிறந்திருந்தால்? 1969 டிசம்பரில் அமெரிக்க வான்படையின் எஃப்-111 விமானம் ஒன்றின் இறக்கை வானில் முறிந்தது. அது நூறு மணி நேரத்துக்குச் சற்றே மேல்தான் பறந்திருந்தது. இறக்கைப் பொருத்தை வார்த்து அடித்தபோதே உண்டான குறை ஒன்று யார் கண்ணிலும் படாமல் உள்ளே இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு சிந்தனை தலைகீழாக மாறியது. ‘விரிசல் இல்லை’ என்று தொடங்காமல், ‘விரிசல் இருக்கிறது, அது பெரிதாவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்’ என்று தொடங்கினர். இதனைச் ‘சேதம் தாங்கும்’ முறை எனலாம். 1978-இல் அமெரிக்கப் பயணிகள் விமான விதிகளில் இம்முறை இடம்பெற்றது.

இதில் தெரியாதவை மூன்று. முதலாவது, தொடக்கத்தில் விரிசலின் அளவு. இரண்டாவது, அது வளரும் வேகம். 1960-களில் பால் பாரிஸ் கண்ட விதிப்படி, அலுமினியக் கலவைகளில் இவ்வேகம் ஏறக்குறைய தகைவின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது. தகைவு இருமடங்கானால் விரிசல் எட்டு மடங்கு வேகத்தில் வளரும். மூன்றாவது, சோதிப்பவர் அதைக் காணும் வாய்ப்பு.

மூன்றாவதைத்தான் நான் முதலில் அலட்சியமாகப் படித்தேன். விரிசல் இருந்தால் தெரியாதா என்ன என்று நினைத்தேன். உண்மை அப்படி இல்லை. கண்ணால் பார்த்தாலும், சுழல் மின்னோட்டக் கருவியால் தடவிப் பார்த்தாலும், சிறிய விரிசல் தப்பிவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. விரிசல் வளர வளர அது அகப்படும் வாய்ப்பும் வளரும்.

ஒரு கணக்கு. விரிசல் கண்டுபிடிக்கத் தக்க அளவுக்கு வந்ததிலிருந்து ஆபத்தான அளவை எட்ட 12,000 பறப்புகள் ஆகும் என்போம். 4,000 பறப்புகளுக்கு ஒருமுறை சோதித்தால் மூன்று வாய்ப்புகள் கிடைக்கும். முதல் சோதனையில் அகப்படும் வாய்ப்பு 50 விழுக்காடு, இரண்டாவதில் 80, மூன்றாவதில் 95 எனக் கொள்க. மூன்றிலும் தப்பும் வாய்ப்பு 0.5 × 0.2 × 0.05. அதாவது 0.005, இருநூறில் ஒன்று. குறையுள்ள சோதனைகள் மூன்று சேர்ந்து வலுவான ஒரு வேலியாகின்றன.

சோதித்த பின் ஐயம் எவ்வளவு மிஞ்சும்?

பாட்டி கேட்டது நூறு விமானங்களைப் பற்றி அல்லவே. தாம் ஏறப்போகும் அந்த ஒரு விமானத்தைப் பற்றி. அதற்குப் பேயீசின் தேற்றம் உதவுகிறது. சூத்திரம் வேண்டாம், எண்ணியே பார்க்கலாம்.

ஆயிரம் விமானங்களில் 20-இல் ஓர் இடத்தில் விரிசல் இருக்கிறது. சோதனையில் அகப்படும் வாய்ப்பு 90 விழுக்காடு. 20-இல் 18 அகப்பட்டுப் பழுதுபார்க்கப் போகின்றன. இரண்டு தப்பிவிடுகின்றன. ‘நலம்’ என்ற சான்றோடு 982 விமானங்கள் வெளியே வருகின்றன. அவற்றில் விரிசல் உள்ளவை 2. சோதனைக்கு முன் ஐயம் நூற்றில் இரண்டு. சோதனைக்குப் பின் ஏறத்தாழ ஆயிரத்தில் இரண்டு. ஐயம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆனால் பூச்சியமாகிவிடவில்லை. எத்தனை முறை சோதித்தாலும் ஆகாது.

பெருக்கல் பொய் சொல்லும் இடம்

இதுவரை சொன்னவை மகிழ்ச்சியான கணக்குகள். இவை எல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன. ஒரு சோதனையில் தவறுவதும் அடுத்த சோதனையில் தவறுவதும் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். சார்பிலா நிகழ்ச்சிகளின் வாய்ப்புகளை மட்டுமே அப்படிப் பெருக்கலாம் என்று நாம் படிவம் ஆறிலேயே படித்திருக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

1980 பிப்ரவரியில் தைவானின் சைனா ஏர்லைன்ஸ் நிறுவனத்து 747 விமானம் ஒன்று ஹாங்காங்கில் இறங்குகையில் வால்பகுதி ஓடுபாதையில் உரசியது. கீறல் விழுந்த தோலை முழுமையாக நீக்காமல், அதன் மேலேயே இரட்டைத் தகடு வைத்து ரிவெட் ஆணிகளால் பொருத்தினர். கீறல்கள் தகட்டுக்கு அடியில் மறைந்தன. அவற்றிலிருந்து விரிசல்கள் கிளம்பின. 22 ஆண்டுகள் அந்த விமானம் பறந்தது. அந்த இடத்தில் வெளியிலிருந்து எத்தனை முறை பார்த்தாலும் தெரிந்தது தகடு மட்டுமே. 2002 மே 25-ஆம் நாள், தைபேயிலிருந்து ஹாங்காங் சென்றபோது அது வானில் சிதறியது. 225 பேர் மாண்டனர்.

இதைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சோதனையிலும் தப்பும் வாய்ப்பு 0.1 என்றால், மூன்றிலும் தப்புவது ஆயிரத்தில் ஒன்று. ஆனால் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பில் அந்த விரிசல் எவர் கண்ணுக்கும் தெரியாதபடி மூடப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். மூடப்பட்டிருந்தால் மூன்று சோதனையும் வீண். மொத்தத்தில் தப்பும் வாய்ப்பு, 0.1-உடன் 0.9 × 0.001-ஐக் கூட்ட வேண்டும். விடை 0.1-க்குச் சற்று மேல். ஆயிரத்தில் ஒன்று என்று நம்பியது பத்தில் ஒன்றாகிவிட்டது. நூறு மடங்குப் பிழை! சோதனைகளை மூன்றிலிருந்து முப்பதாக்கினாலும் இந்த எண் குறையவே குறையாது.

1988 ஏப்ரல் 28-ஆம் நாள் ஹவாயில் நடந்தது வேறு வகை. அலோஹா ஏர்லைன்ஸின் 737 விமானம், தீவுகளுக்கிடையே குறும்பயணங்கள் செய்து 89,680 பறப்புகளைக் கண்டிருந்தது. பறந்த நேரமோ 35,496 மணிதான். ஒரு பறப்புக்குச் சராசரியாக 24 நிமிடம்கூட இல்லை. 24,000 அடி உயரத்தில் அதன் மேற்கூரை ஐந்து மீட்டருக்கு மேல் பிய்த்துக்கொண்டு போனது. விமானிகள் அதைத் தரையிறக்கினர். ஆயினும் பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு மாண்டார்.

ஒரு விரிசல் கிளம்பினாலும் அடுத்த சட்டத்தில் தடைப்பட்டு, ஒரு சிறு மடல் மட்டும் திறந்து காற்று வெளியேறிவிடும் என்பது வடிவமைப்பின் எதிர்பார்ப்பு. ஆனால் கடற்காற்றும் பசை விட்டுப்போன இணைப்பும் சேர்ந்து, அடுத்தடுத்த ரிவெட் துளைகள் பலவற்றிலும் ஒரே காலத்தில் சிறு விரிசல்களை உண்டாக்கியிருந்தன. அவை ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. ‘ஒரு விரிசல் ஓடும்; பக்கத்து உலோகம் நலமாக இருக்கும்’ என்ற சார்பின்மை எண்ணம் அங்கே உடைந்தது. ஒரே வயது, ஒரே கடற்காற்று, ஒரே வேலைப்பாடு. அண்டைத் துளைகள் எப்படி ஒன்றையொன்று சாராதிருக்கும்?

விமானத்தில் ஏறும்போது வாசலருகே ஒரு விரிசலைப் பார்த்ததாகவும், யாரிடமும் சொல்லவில்லை என்றும் பயணி ஒருவர் பின்னர் விசாரணையில் கூறினார். எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. இந்த விபத்துக்குப் பின் ‘பரவலான அயர்வுச் சேதம்’ தனியாக ஆராயப்பட்டது. 2010-இல் அமெரிக்க விதிகள் ஒவ்வொரு பெரிய விமான வகைக்கும், எத்தனை பறப்புகள் அல்லது மணி நேரம் வரை அதன் பராமரிப்புத் திட்டம் செல்லுபடியாகும் என்ற எல்லையை வகுக்கச் சொல்லின.

பத்து மில்லியனில் ஒன்று

எவ்வளவு சிறிய வாய்ப்பை ‘போதும்’ என்று ஏற்கலாம்? அமெரிக்க வான்படையின் கட்டமைப்பு வழிகாட்டி 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் எண்ணைக் கூறியது. ஒரு பறப்பில் பேரழிவு முறிவின் வாய்ப்பு பத்து மில்லியனில் ஒன்றுக்குள் இருந்தால் நீண்டகாலப் பயன்பாட்டுக்கு ஏற்கலாம். நூறாயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் ஏற்க இயலாது. பயணிகள் விமானங்களின் உடல் பெரும்பாலும் முன்னே கூறிய சேதம் தாங்கும் முறையிலேயே சான்று பெறுகிறது. எஞ்சின் சக்கரங்களுக்கோ நிகழ்தகவுக் கணக்கு விதிக்குள்ளேயே நுழைந்துவிட்டது. 1989-இல் அமெரிக்காவின் சூ நகரில் ஒரு டி.சி.-10 விமானத்தின் டைட்டானியம் விசிறிச் சக்கரம் உடைந்து 112 பேர் மாண்டதே அதற்கு வித்திட்டது. உலோகத்தை உருக்கியபோதே உண்டான குறையிலிருந்து அந்த விரிசல் கிளம்பியிருந்தது.

பத்து மில்லியனில் ஒன்று என்றால் ஒன்றுமில்லை என்று பொருளா? 500 விமானங்கள் தலைக்கு 20,000 முறை பறந்தால் மொத்தம் பத்து மில்லியன் பறப்புகள். எதிர்பார்க்கத்தக்க முறிவு ஒன்று. ஒன்றுகூட நிகழாதிருக்கும் வாய்ப்பு 37 விழுக்காடுதான். எனவே அந்த எண்ணைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது என்பதைப் பொறியாளர்கள் அறிவர். இன்றைய புதிய விமானங்கள் சிலவற்றின் உடல் கரியிழைக் கலவையால் ஆனது. அது உலோகத்தைப் போல் அயர்வதில்லை. ஆயினும் சக்கரத் தண்டுகளும் எஞ்சின் சக்கரங்களும் இன்னமும் உலோகமே.

பாட்டிக்குச் சொன்ன பதில்

மறுநாள் மாலை நான் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். “நேத்து நான் சொன்னது சரியில்லை பாட்டி. உடையாதுன்னு யாராலயும் சொல்ல முடியாது” என்று தொடங்கி, வாளிப் பிடியை வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு குறிப்பிட்ட பறப்புக்கும் ஒருமுறை பிரித்துப் பார்க்கிறார்கள். ஒருவர் கண்ணுக்குத் தப்பினால் அடுத்தவர் கண்ணில் படும். அதனால்தான் நம்பி ஏறுகிறோம் என்றேன். தகடு வைத்து மூடிய கதையையும் மறைக்காமல் சொன்னேன்.

பாட்டி பயப்படவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “நாங்க காலையில இருட்டோட மரம் வெட்டப் போவோம். பிடியில கீறல் இருந்தா கண்ணுக்குத் தெரியாது. விரலால தடவிப் பார்ப்போம். ஆனா பெயிண்ட் அடிச்ச வாளியைக் குடுத்தா மட்டும் நான் வாங்க மாட்டேன். தடவினாலும் தெரியாதே! அடியில என்ன இருக்குன்னு அடிச்சவனுக்குத்தானே தெரியும்.”

சார்பிலா நிகழ்ச்சிகள் பற்றி நான் மூன்று நாள் படித்ததைப் பாட்டி ஒரு வாளியில் முடித்துவிட்டார். பயணியின் உயிரைக் காப்பது அந்தச் சிறிய எண் மட்டும் அன்று. அந்த எண்ணுக்கு அடியில் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்திட்டவர் உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும். பார்க்க முடியாத இடம் இருந்தால் ‘பார்க்க முடியவில்லை’ என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது சோதனையாளர், முதலாமவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடாதிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பொய்யானாலும் நம் அழகான பெருக்கல் எல்லாம் பொய். நம் மாணவர்களில் பலர் நாளை சுபாங் பட்டறைகளில் அத்தகைய தாள்களில் கையெழுத்திடப் போகிறவர்கள். நானும் அவர்களில் ஒருவனாக இருக்கலாம். அவர்களுக்காகவே இதனை எழுதினேன்.

பாட்டி புறப்பட்டுப் போனார். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். அந்த நான்கு மணி நேரமும் எண்களை எல்லாம் அறிந்த நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சியிலிருந்து தொலைபேசி வந்தது.

“வந்து சேர்ந்துட்டேன்யா. கதவுகிட்ட ஏறுறப்ப நல்லாத் தடவிப் பார்த்துட்டுத்தான் ஏறுனேன்.”